கீற்றுக் கூரையும் கடற்காற்றும்

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான், கடல் இல்லை. ஆனால் கடலோரத்தில் ஓட்டல் கட்ட நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இந்த ஊர் வழியாகப் போகும் சாலையிலேயே இருக்கிறது. கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி.

அங்குள்ள ‘ஸ்பைஸ் வில்லேஜ்’ விடுதி, மன்னான் பழங்குடியினரின் குடிசைகளைப் பார்த்துக் கட்டப்பட்டது. கூரை யானைப்புல். அறைகளில் ஏசி கிடையாது. 50 மைலுக்குள் விளைந்ததை வைத்தே சமைப்பது என்று உணவகத்துக்கு ஒரு கொள்கை வைத்தார்கள். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் வாழையும், ஏன், வீரபாண்டியும்கூட அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்!

இதை நடத்தும் சிஜிஎச் எர்த் குழுமம், ஆலப்புழை மாவட்டத்து மாராரிக்குளத்தில் கடலுக்கும் அதே கணக்கைப் போட்டது. மீனவ கிராமத்தின் சாயலில், தென்னந்தோப்புக்குள் தனித்தனிக் குடில்கள். வானம் பார்த்த குளியலறை. ரசாயனம் போடாத காய்கறித் தோட்டம்.

ஓலைக்கூரை வெறும் அலங்காரம் இல்லை. அடுக்கடுக்காக வேய்ந்த கீற்றுகளுக்கு இடையில் தங்கும் காற்று, வெயிலைக் கீழே இறங்கவிடாது. சரிவு செங்குத்தாக இருந்தால் மழைநீர் நிற்காமல் வழிந்துவிடும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கத் தகரமும் இல்லை. என்ன, அடிக்கடி மாற்றி வேய வேண்டும். செலவுதான், ஆனால் அந்தக் காசு சிமென்ட் ஆலைக்குப் போகாமல் கீற்று முடைகிறவர் கைக்குப் போகிறது. ‘பசுமை ஓட்டல்’ என்று பலகை மாட்டுகிறவர்கள் பலரிடம் இந்தக் கணக்கைக் காண முடிவதில்லை.

மாராரிக்குளம் இருக்கும் அதே ஆலப்புழை மாவட்டத்தில் நேரெதிரான கதையும் நடந்தது. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு எழுந்தது காபிகோ ரிசார்ட். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியதாகச் சொல்லி, அதை இடிக்கும் உத்தரவை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022-ல் இடிப்பு தொடங்கியது.

வழக்கைக் கிளப்பியவர்கள் உள்ளூர் மீனவர்கள். காயலில் கழி நட்டு வலை கட்டிப் பிழைப்பவர்கள் அவர்கள். ரிசார்ட் வேலையால் தங்கள் வலைகள் போயின என்பதே அவர்களின் புகார். மாராரிக்குளத்தில் மீனவர் வீட்டைப் பார்த்து ஓட்டல் கட்டினார்கள். நெடியதுருத்தில் மீனவரையே பார்க்கவில்லை.