பறவைக்கு இன்ஜின் எங்கே?

குழந்தைகளே, வகுப்பில் எழுந்து நின்று, "புரியவில்லை சார்" என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா? பக்கத்து பெஞ்சுக்காரன் சிரிப்பானோ, சார் திட்டுவாரோ என்று பயமாக இருக்கும், இல்லையா?

ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் அப்படிச் சொன்னான். அவனுடைய ஆசிரியர் பெயர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்பதுதான் அன்றைய பாடம். கரும்பலகையில் தலை, இறக்கை, வால் எல்லாம் வரைந்து, சுமார் 25 நிமிடம் விளக்கினார். "புரிந்ததா?" என்று கேட்டதும், இந்தப் பையன் இல்லை என்றான். மற்றவர்களைக் கேட்டால், அவர்களில் பலரும் அதையே சொன்னார்கள்!

ஐயருக்குக் கோபம் வரவில்லை. வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே கூட்டம் கூட்டமாகப் பறவைகள். இறக்கையை எப்படி அடிக்கின்றன, திரும்பும்போது வாலை எப்படி வளைக்கின்றன என்று காட்டினார். இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று பறவையை மேலே தள்ளுகிறது. வால், படகின் சுக்கான் மாதிரி. அப்புறம் ஒரு கேள்வி போட்டார். இந்தப் பறவைக்கு இன்ஜின் எங்கே இருக்கிறது? அதன் உயிரும், பறக்க வேண்டும் என்ற ஆசையும்தான் இன்ஜின் என்று அவரே விளக்கினார்.

அந்தப் பையன்தான் அப்துல் கலாம்! பறப்பது பற்றித்தான் படிப்பேன் என்ற எண்ணம் அந்தக் கடற்கரையில் பிறந்தது. பின்னாளில் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். 1980 ஜூலை 18-ம் தேதி ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்துக்கு அவர்தான் இயக்குநர். 2002-ல் குடியரசுத் தலைவரான பிறகும் இந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் தெரியுமா?

என் ஊர் களம்பூர். ரயிலில் வந்தால் பலகையில் 'ஆரணி ரோடு' என்று இருக்கும். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். தறி என்றால் எனக்கு உயிர். ஆனால், வகுப்பில் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. புத்தகத்தில் இல்லையே!

ஒருநாள், கம்ப்யூட்டருக்கு 1, 0 இரண்டு மட்டும்தான் தெரியும் என்று நடத்தினேன். ஒரு பையன், "புரியல சார்" என்றான். அவனும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். "கவனித்தால்தானே புரியும், உட்கார்!" என்றேன். அதன்பிறகு பல மாதம் அவன் எதையுமே கேட்கவில்லை.

ஐயரின் கதையைப் படித்த மறுநாள், தறியின் ஜக்கார்டு பெட்டியில் கோக்கும் அட்டை ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஓட்டை ஓட்டையாக இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை அது. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் நூல் எழும்பாது. இப்படித்தான் புடவையில் மயிலும் மாங்காயும் வருகின்றன. 1890-ல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கை எண்ணிய ஹோலரித்தின் இயந்திரமும் ஓட்டை போட்ட அட்டையைத்தான் படித்தது. பிற்காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் பல வருடங்கள் அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்கள்.

"ஓட்டைன்னா 1, ஓட்டை இல்லன்னா 0. அதானே சார்?" என்று ஒரு குரல். அவனேதான்! எழுந்து வந்து அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பாக்கிப் பாடத்தை அவன்தான் நடத்தினான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு ஓட்டையைத் தப்பா போட்டுட்டா என்ன ஆகும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"மயிலுக்கு மூக்கு இருக்காது!" என்றான்.