கொடி வேண்டாம், கோரிக்கை போதும்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்கள், ஆதரவு சொல்ல வந்த கட்சிக்காரர்களை அண்டவிடவில்லை. விளக்கு அணைந்த இரவில் செல்போன் டார்ச்சை உயர்த்தினார்கள். குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அரசியலில் அக்கறை ஏது?’ என்று அலுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அரசியலில் அக்கறை வேறு, அதிகாரத்தின் மீது நம்பிக்கை வேறு. இரண்டையும் பிரிப்பது அவரவர் மனதில் பெரிதாக மதிக்கும் விழுமியங்கள். உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் பத்து அடிப்படை விழுமியங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். அதில் மரபைப் பேணுவது ஒரு பக்கம். தன் முடிவைத் தானே எடுப்பது ஏறக்குறைய அதற்கு எதிர்ப்பக்கம். மரபை மதிப்பவர் அதிகாரத்துக்கும் அடங்கிப்போவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். மெரினா அந்தக் கணக்கைக் குலைத்தது. காத்தது மரபை; காத்த விதத்திலோ எந்தத் தலைவருக்கும் இடமில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையைத் தங்கள் அடையாளத்தின் மீதான அடியாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. கூட்டம் கலையவில்லை, ‘நிரந்தரத் தீர்வு வேண்டும்’ என்றது. அரசின் வாக்குறுதிக்கு அந்த மணலில் என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 23-ஆம் தேதி காலை காவல்துறை அவர்களைப் பலவந்தமாக வெளியேற்றியது; மாலையில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. வரிசையை மாற்றியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

வாக்குச்சாவடியின் கதை வேறு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் வாக்காளர் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடி, அந்த வயதினரில் பாதிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் அவநம்பிக்கையைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும், படிப்பு கோவையில் இருக்கும். பஸ் டிக்கெட்டும் விடுப்பும் சேர்ந்து அமைந்தால்தான் ஓட்டு. பட்டியலில் சேர்வதோ இப்போது எளிது. 18 வயது நிறைந்ததைக் கணக்கிட முன்பு ஜனவரி 1-ஐ மட்டுமே தகுதி நாளாகக் கொண்டார்கள். 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்தன. 17 வயதிலேயே பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். விடுதி மாணவர்கள் கல்லூரி முதல்வரின் சான்றிதழோடு விடுதி முகவரியிலேயே பதிந்துகொள்ளலாம். இந்தச் சான்றிதழைச் சேர்க்கையின்போதே கையில் கொடுக்கக் கல்லூரிகளுக்கு என்ன தடை என்பதுதான் புரியவில்லை.