மண் தந்த மருந்து

மழை பெய்தவுடன் நிலத்தினின்று எழும் மணத்திற்குப் பெரிதுங் காரணமாய் அமைவன ஸ்ரெப்ரோமைசிஸ் என்னும் பற்றீரியங்கள். பூஞ்சணம்போல் இழைகளாய்ப் படர்ந்து, மட்கும் பொருள்களை உண்டு வாழும் இவற்றுட் பல, அயலிலுள்ள நுண்ணுயிர்களை அடக்கவல்ல பொருள்களையும் ஆக்குகின்றன.

பெனிசிலின் கசநோய்க் கிருமியை வெல்லவில்லை. அக்குறையைத் தீர்க்க உதவியது இவ்வினத்துள் ஒன்றாகிய ஸ்ரெப்ரோமைசிஸ் கிறிசியஸ். அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்திற் பயின்ற அல்பேட் சாற்ஸ் என்னும் மாணவர், 1943 இல் அதனிடமிருந்து ஸ்ரெப்ரோமைசினைக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்த இரு குலவகைகளுள் ஒன்று எருவிட்ட வயல் மண்ணிலும், மற்றது கோழியொன்றின் தொண்டையிலும் இருந்து பெறப்பட்டவை.

இம்மருந்து கிருமியின் புரத ஆக்கத்தைப் பிழைபடச் செய்து அதனைக் கொல்கின்றது. 1948 இல் வெளியான பிரித்தானியச் சோதனையில், ஆறு மாதத்துள், மருந்து பெற்ற 55 பேருள் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் 14 பேரும் இறந்தனர். ஆயின், அவ்வெற்றி நிலைக்கவில்லை. மருந்தை எதிர்க்கும் கிருமிகள் நோயாளர் பலரிடத்துத் தோன்றின. ஐந்தாண்டின் பின் இரு பகுதியாரின் இறப்பு வேறுபாடு பெரிதுங் குறைந்துவிட்டது.

வேறு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோதே இவ்வெதிர்ப்புத் தணிந்தது; ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றதனால் மடியுமாதலின். கசநோயாளர் இன்றும் பல மருந்துகளை ஒருங்கே, பல மாதம், இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும் என மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவேயாம்.