இலேசான வண்டிக்கு ஏற்ற எஞ்சின்

சித்தூரிலிருந்து பலமனேர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையத்தைக் கடந்தால், மொகிலி மலைப்பாதை வருகிறது. மாங்காய் ஏற்றிய லாரி முக்கி முனகி மேடேற, சிறு கார் ஒன்று அதனை எளிதில் முந்திச் செல்வதை நாம் அங்கே காணலாம். லாரியின் எஞ்சின் பெரிது. காரின் எஞ்சின் சிறிது. ஆயினும் முந்துவது சிறியதே. எஞ்சினின் ஆற்றலை அது சுமக்கும் பாரத்தோடு சேர்த்தே அளக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இலேசான பந்தயக் கார்களுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். இவ்வகையில் புகழ்பெற்றது, இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன். குழாய்ச் சட்டமும் இரண்டு இருக்கைகளுமே அதன் உடைமை. தொடக்கத்தில் அதில் அமைந்தது 1,172 கன சென்டிமீட்டர் கொண்ட சாதாரண ஃபோர்டு எஞ்சின். 1973 முதல் கேட்டர்ஹாம் நிறுவனம் அவ்வண்டியைத் தயாரித்து வருகிறது.

இத்தகைய வண்டியின் எஞ்சின் தேய்ந்துபோனால், அதனிடத்தில் எதனைப் பொருத்துவது? பெரியதொன்றை வாங்கலாமே என்று நம் மனம் முதலில் சொல்லும். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

முதலாவது, எடை. 1,500 கிலோ வண்டியில் 60 கிலோ கூடினால், அது நூற்றுக்கு நான்கு பங்கே. 490 கிலோ வண்டியில் அதே 60 கிலோ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காகிறது. அப்பாரம் முன்புறத்தில் சேர்ந்தால், வளைவில் திருப்பினாலும் வண்டி நேரே போகவே முனையும். ஆகவே வார்ப்பிரும்பு எஞ்சினைவிட அலுமினிய எஞ்சின் சிறந்தது. கேட்டர்ஹாம் பின்னாளில் வெளியிட்ட செவன் 160 வண்டி 490 கிலோ எடையும், சுசுகியின் 660 கன சென்டிமீட்டர் எஞ்சினும் கொண்டது. அதன் 80 குதிரைச் சக்தி அவ்வண்டிக்குத் தாராளமாகவே இருந்தது. ஆயிரம் கிலோ வண்டி அவ்விகிதத்தைப் பெற 163 குதிரைச் சக்தி தேவைப்படும்.

இரண்டாவது, துணை உறுப்புக்கள். எஞ்சினின் முறுக்கு விசையைக் கியர்ப்பெட்டியும் பின் அச்சும் தாங்கவேண்டும். ரேடியேட்டர் அதன் வெப்பத்தைத் தணிக்கவேண்டும். எண்ணெய்த் தொட்டி ஆழமாயின் வேகத்தடையில் இடிக்கும். வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சினால், பேரிங்குகள் நொடியில் கெட்டுவிடும். ஆகவே தொட்டியினுள் தடுப்புத் தகடுகள் அவசியம். சக்தியைக் கூட்டுமுன் பிரேக்கைக் கூட்டவேண்டும் என்பதை நாம் ஒருபோதும் மறத்தல் ஆகாது. இங்கே பிழைத்தால் போவது பணமன்று, உயிர்.

மூன்றாவது, உதிரிப்பாகம். கேட்டர்ஹாம் கார்களில் சிறப்பாக இயங்கிய ரோவர் கே வரிசை எஞ்சின், எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005-இல் வீழ்ந்ததும் தயாரிப்பாளரை இழந்தது. எவ்வளவு நல்ல எஞ்சினாயினும், நாளைக்குப் பாகம் கிடைக்குமா என்று கேட்பது அறிவுடைமை.

நம் நாட்டில் இக்கேள்விக்கு நல்ல விடை கண்டவர் கோவை எஸ். கரிவரதன். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில், எங்கும் கிடைக்கும் மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினையே பொருத்தினார். மூன்று சிலிண்டர் கொண்ட அச்சிறு எஞ்சினின் ஆற்றல் மிகுதியன்று. ஆனால் அது இலேசானது, விலை குறைந்தது, எந்த ஊர் மெக்கானிக்கும் அறிந்தது. அதனால் சாமானிய இளைஞரும் பந்தயத்தில் இறங்க வழி பிறந்தது.

இறுதியாகச் சட்டம். பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு அதிகாரியை அணுகிக் கேட்பது நலம்.

எடை, இணக்கம், உதிரிப்பாகம், சட்டம் ஆகிய நான்கையும் தாளில் எழுதிப் பார்த்தபின் கடைக்குச் செல்வோம். அப்படித் தேர்ந்த எஞ்சின், மொகிலி மேட்டில் கொதிக்காமல் ஏறும். இறக்கத்தில் நம் கட்டுக்குள் நிற்கும்.