திண்டுக்கல் பேருந்து நிலையம் சிங்கப்பூரின் உச்சி மலையைவிட உயரம், தெரியுமா?

நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் உண்மை! சிங்கப்பூரின் மிக உயர்ந்த மலையான புக்கிட் தீமா கடல் மட்டத்திலிருந்து 164 மீட்டர்கூட முழுதாக இல்லை. நம் திண்டுக்கல் ஊரோ சமவெளி என்று பெயர் வாங்கிக்கொண்டே 250 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. மலைக்கோட்டையில் ஏற வேண்டாம், சிறுமலைப் பக்கமே போக வேண்டாம். பேருந்து நிலையத்தில் பையை வைத்துக்கொண்டு மதுரை வண்டிக்கு நிற்கிறவர், சிங்கப்பூரின் உச்சியில் நிற்கிறவரைவிட எண்பது மீட்டருக்கும் மேலே நிற்கிறார்!

இன்னும் கேளுங்கள். சிங்கப்பூரின் நகர மையத்தில் நெடுங்காலம் எந்தக் கட்டடமும் 280 மீட்டரைத் தாண்டவில்லை. 280 மீட்டரில் மூன்று கோபுரங்கள் அண்ணாந்து பார்க்கும்படி நின்றன, அதற்கு மேல் ஒன்றுகூட எழவில்லை. காரணம் விமானங்கள். அவை வந்து போகும் வழிக்காக உயரத்துக்கு வரம்பு வைத்திருந்தார்கள். 2016-ல் கட்டி முடித்த குவோக்கோ கோபுரம்தான் அதைக் கொஞ்சம் மீறியது. அதாவது, ஊரிலிருந்து போன பையன் முதல் நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற அந்த மொட்டை மாடிகள் எல்லாம், ஏறக்குறைய அவன் வீட்டு வாசல் தரை மட்டத்தில்தான் இருக்கின்றன.

பரப்பளவு? திண்டுக்கல் மாவட்டம் 6,266 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர் நாடு ஏறக்குறைய 735. நம் மாவட்டத்துக்குள் எட்டு சிங்கப்பூரை வைக்கலாம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 21.6 லட்சம் பேர், அந்தச் சின்னத் தீவில் இன்று 60 லட்சம் பேர். அந்த 735-உம் முன்பு இல்லை. 1965-ல் தனி நாடானபோது 581 சதுர கிலோமீட்டர்தான். மிச்சத்தை மண்ணும் மணலும் கொட்டிக் கடலைத் தூர்த்து எடுத்திருக்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல்!

போய் இறங்கியவர் முதல் விடியற்காலையிலேயே திகைப்பார். கடிகாரம் ஆறரை காட்டும், வெளியே கும்மிருட்டு. திண்டுக்கல்லில் ஆறரைக்கெல்லாம் பால்காரர் வந்து போய், பூ மார்க்கெட் களைகட்டியிருக்கும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டித்தான். மறைவதும் மாலை ஏழு மணியை ஒட்டித்தான். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணிக்கு! ஏன் தெரியுமா? அந்தத் தீவின் சூரியக் கணக்கு வேறு, சுவர்க் கடிகாரத்தின் கணக்கு வேறு. தீர்க்கரேகைப்படி பார்த்தால் அவர்கள் நம்மைவிட ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக முந்தியிருக்க வேண்டும், ஆனால் முந்தியிருப்பது இரண்டரை மணி. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்தது, பக்கத்து வீடான சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு முள்ளைத் தள்ளி நள்ளிரவு பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் அந்த நாட்டில் நடக்கவே இல்லை!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நிழல்தான். மே, ஜூன் மாதங்களில் நம் ஊரிலும் உச்சி நேரத்துச் சூரியன் தலைக்கு வடக்கே போகும், நிழல் தெற்கே விழும். அது ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை. சிங்கப்பூரிலோ மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை, பாதி வருடம் அப்படி! நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம். நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு, அங்கே பத்து நிமிடம்கூட இல்லை. திண்டுக்கல்லில் வட வானில் பத்து டிகிரி உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம் அங்கே தொடுவானத்தோடு ஒட்டிப்போய் கண்ணிலேயே படாது.

வெயில் என்றதும் ஊரில் பயமுறுத்தி அனுப்புவார்கள். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி பார்த்த உடம்புக்கு சிங்கப்பூரின் சாதனை வெப்பம் எவ்வளவு தெரியுமா? 37.0 டிகிரி, அவ்வளவுதான். 1983-ல் ஒரு முறை தொட்டது, 2023 மே மாதத்தில் அங் மோ கியோ வட்டாரத்தில் மறுபடி தொட்டது. ஆனாலும் முதல் வாரம் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் கடல், காற்றில் ஈரம், வியர்வை உலர இடமே இல்லை. மழையும் நம் ஊர்போல ஐப்பசிக்குக் காத்திருக்காது, எந்த மாதமும் பெய்யும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல்! நமக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு.

அவ்வளவு மழை பெய்தும் அவர்களுக்குத் தண்ணீர் போதவில்லை என்பதுதான் நம் ஊர்க்காரர் உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை. ஆத்தூர் காமராஜர் அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்து வளர்ந்தவர்கள் நாம், குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்று குடத்தோடு காத்திருந்தவர்கள். அங்கே பெரிய ஆறு கிடையாது, மழையைப் பிடித்து வைக்க இடமும் கிடையாது. 1963-ல் அங்கேயும் பங்கீடு போட்டுத்தான் தண்ணீர் விட்டார்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1962-ல் போட்ட ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அவர்கள் செய்ததைப் பாருங்கள்! நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை வடிகால் வழியே நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்கிறது. 2008-ல் நகரின் நடுவிலேயே கடல் முகத்தை அடைத்தார்கள், பிறகு உப்பு நீரை வெளியேற்றி நன்னீர் ஏரி ஆக்கிவிட்டார்கள். கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். சாக்கடை நீரைக்கூட விடவில்லை. நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் கடத்தி நியூவாட்டர் என்று 2003-லிருந்து தருகிறார்கள். அதில் பெரும்பங்கு சில்லு தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு, கொஞ்சம் நீர்த்தேக்கத்துக்கு. போன புதிதில் கேன் தண்ணீர் தேடி அலைகிறவர்களுக்குச் சொல்லுங்கள்: வீட்டுக் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம்!

மொழி? சில்லறைக் காசை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், தமிழில் நாட்டின் பெயர் இருக்கும். தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, ஆனாலும் நாடாளுமன்றத்தில் எழுந்து தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. ரயில் மேடையில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தமிழ்க் குரல் கேட்கும்போது, முதல் முறை போகிறவர்கள் சட்டென்று நின்றுவிடுவார்கள். அந்த ரயிலில் இன்னொரு வியப்பு: லிட்டில் இந்தியா வழியாகப் போகும் வடகிழக்குத் தடத்தில் ஓட்டுநரே இல்லை, 2003-லிருந்து தானாகவே ஓடுகிறது.

பையில் திண்டுக்கல் சுருட்டு வைத்திருக்கிறீர்களா? ஒற்றைச் சுருட்டுக்குக்கூட அங்கே வரி விலக்கு கிடையாது, அறிவித்து வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலைக்கு முழுத் தடை. சூயிங்கம் விற்பனைக்கு 1992 முதல் தடை. ரயிலில் டுரியான் பழம் கொண்டுபோகக்கூடாது, எதைச் சாப்பிட்டாலும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், 2021-லிருந்து அதுவும் கட்டாயம். கார் வாங்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்: பத்து ஆண்டு கார் வைத்துக்கொள்ள உரிமை தரும் சான்றிதழ் மட்டுமே, சிறிய காருக்குக்கூட, 2023-ல் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது.

இதையும் சொல்லாமல் விட மனமில்லை. வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது இந்த மினுமினுப்பை இல்லை. அவருக்கு நகரத்தின் ஓரத்தில் தொழிலாளர் விடுதி, ஓர் அறையில் பலர், விடியுமுன்னே லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைத்தளம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு வந்தால்தான் ஊர் முகங்கள். அந்த வானளாவிகளை எழுப்பிய கைகள் இவருடையவை. ஆகவே அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது: தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

இனி பழனிக்கு வருவோம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து பழனி போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சிங்கப்பூரில் டேங்க் ரோடு போனால் என்ன காண்பான் தெரியுமா? அதே நகரத்தார் 1859-ல் எழுப்பிய கோவில், உள்ளே அதே தண்டாயுதபாணி! நம் மாவட்டத்துச் சாமி, பெயர் மாறாமல் கடல் தாண்டி நிற்கிறார். பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் ஏறி கியோங் சைக் சாலையில் இருக்கும் அண்ணன் விநாயகரைப் பார்த்து வருகிறார். மறுநாள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து பால்குடமும் அலகுக் காவடியும் டேங்க் ரோடு வரை நடக்கும், சாலையோரம் சீனரும் மலாய்க்காரரும் கூட நின்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில் அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை, 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது அது போய்விட்டது. தமிழ்நாட்டில் தைப்பூச விடுமுறை எப்போது வந்தது தெரியுமா? 2021-ல்தான்!