பதிலும் மறுப்பும் மௌனமும்

ஒருவரிடம் ஒன்றைக் கேட்டால் அவர் பதில் சொல்லலாம். ‘இயலாது’ என்று மறுக்கலாம். வாய் திறவாமலும் இருக்கலாம். தொழிற்சாலைக் கருவிகளின் உலகிலும் இதே நிலைதான். அங்கே மறுப்பு எவ்வாறு அமைகிறது என்பதை நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் அழுத்தமானி, மின்மானி, நீர்மட்டமானி எனப் பல கருவிகள் ஒரே கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அவை பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட ‘மோட்பஸ்’ அத்தகையது; இன்றும் பரவலாக வழங்குவது. இதில் தலைமைக் கருவி கேட்கும்; மற்றவை கேட்டால்தான் பேசும். ஒவ்வொரு கேள்வியிலும் கருவி எண், பணி எண், விவரம், செய்தி வழியில் சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண் ஆகியவை இருக்கும்.

பணி எண் 3 என்றால் ‘உன்னிடம் பதிவாகியுள்ள அளவைப் படித்துச் சொல்’ என்று பொருள். அளவு கிடைத்தால் கருவி அதே 3உடன் விடை அனுப்பும். இயலாவிட்டால் 128ஐக் கூட்டி 131 என்று அனுப்பும். பணி எண்கள் 127ஐத் தாண்டுவதில்லை. ஆகவே இது மறுப்பு என்பது உடனே விளங்கிவிடும். அடுத்த எண் காரணத்தைக் கூறும். 1 என்றால், இப்பணி எனக்குத் தெரியாது. 2, நீ கேட்ட முகவரி என்னிடம் இல்லை. 3, நீ தந்த மதிப்பு ஏற்கத்தக்கதன்று. 4, செய்கையில் எனக்கே பழுது நேர்ந்தது. 6, வேறு வேலையில் இருக்கிறேன், பிறகு கேள். கம்பிவழி செல்லும் இம்மறுப்பு முழுவதும் ஐந்தே பைட்டுகள்!

இதற்கு ஏன் தனி அடையாளம்? பழுதுற்ற நீர்மட்டமானி மறுப்புக்குப் பதிலாக வெறும் 0 என்று அனுப்பினால், தொட்டி காலி என்றெண்ணி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்; நீர் வழிந்தோடும்.

கேள்வியே சிதைந்து வந்தால் கருவி மௌனம் காக்கும். சிதைந்தது கருவி எண்ணாகவும் இருக்கலாம். தனக்கல்லாத கேள்விக்குப் பதில் சொன்னால் குழப்பமே மிஞ்சும். தலைமைக் கருவி குறித்த நேரம் காத்திருந்து மீண்டும் கேட்கும். ஆனால் கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் இதே மௌனந்தான். மறுப்பில் காரணம் உண்டு, மௌனத்தில் இல்லை.

காரணம் தெரியாத மௌனம் எங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்தாருக்குப் புதிதன்று. படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால், எஞ்சின் பழுதா, வலை சிக்கியதா, வேறேதும் நேர்ந்ததா என்று கரையில் நிற்பவர்க்குத் தெரியாது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2010 முதல் பயனில் உள்ள ஆபத்து அறிவிப்புக் கருவி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும். அது சேர்ந்ததா என்று படகிலிருப்பவர் அறிய வழியில்லாதிருந்தது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘செய்தி கிடைத்தது’ என்னும் மறுமொழி படகுக்கே வருகிறது.

நாளை நம்மில் சிலர் கருவிகளை அமைக்கப் போகிறோம். வேலை நடக்கும்போது அவை என்ன சொல்லும் என்பதோடு, நடக்காதபோது என்ன சொல்லும் என்பதையும் முதலிலேயே எழுதிவைப்போமாக!