மூன்று வருடம் தலைமறைவாக இருந்த ஒயின்!

ஒரு பாட்டில் ஒயின், முதல்வர் நாற்காலியையே பறிக்குமா? ஆஸ்திரேலியாவில் பறித்தது.

நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வராக இருந்தவர் பேரி ஓ'ஃபாரல். 2011 தேர்தலில் அவர் ஜெயித்ததும், ஒரு நிறுவன அதிகாரி ஒயின் பாட்டில் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். விலை சுமார் 3,000 ஆஸ்திரேலிய டாலர். 2014 ஏப்ரலில் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தபோது, அப்படி எதுவும் வரவில்லை என்றார் ஓ'ஃபாரல். மறுநாளே, அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்தது. ராஜினாமா செய்தார். அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என ஆணையம் பிறகு ஏற்றுக்கொண்டது. ஆனாலும், போன பதவி போனதுதான்!

அந்தப் பாட்டில், அவர் பிறந்த 1959-ம் வருடத்து 'பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச்'. அந்த ஒயின் பிறந்த கதை இன்னும் சுவாரஸ்யம்.

எறும்பு நசுக்கிய வாசனை!

அடிலெய்டு நகரில் இருக்கும் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, தலைமை ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்தவர் மேக்ஸ் ஷூபர்ட். 1950-ல் ஐரோப்பா போனவர், பிரான்ஸின் போர்தோ பகுதியில் 40, 50 வருடப் பழைய ஒயின்களை ருசித்து அசந்துபோனார். 'நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும்' என்ற ஆசையோடு திரும்பி, 1951-ல் முதல் கிரேஞ்சை உருவாக்கினார்.

இனிப்பான போர்ட், ஷெர்ரி வகைகளையே ஆஸ்திரேலியர்கள் அதிகம் குடித்த காலம் அது. கிரேஞ்சைச் சுவைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பின் வாசனை வருகிறது என்றுகூடக் கிண்டல் செய்தார்கள். 1957-ல் 'தயாரிப்பை நிறுத்து' என மேலிடம் உத்தரவிட்டது.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. புது மரப்பீப்பாய் வாங்கப் பணம் கிடையாது. பழைய பீப்பாய்களை வைத்தே 1957, 1958, 1959 என மூன்று வருடங்கள் ரகசியமாகத் தயாரித்து, நிலவறையில் ஒளித்துவைத்தார். ஓ'ஃபாரலின் பதவியைப் பறித்த 1959, அந்தத் தலைமறைவு வருடங்களில் கடைசி!

இதற்கிடையே, ஆரம்ப வருட பாட்டில்கள் நிலவறையில் பக்குவப்பட்டிருந்தன. மறுபடி ருசித்த மேலிடம் மனம் மாறியது. 1960-ல் அனுமதி கிடைத்தது. 1955 கிரேஞ்ச், 1962-ல் சிட்னி ஒயின் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது.

கலவை, கலப்படம் அல்ல!

கிரேஞ்சில் பெரும்பங்கு ஷிராஸ் திராட்சை. பெரும்பாலான வருடங்களில் கொஞ்சம் கேபர்னே சாவிஞானும் சேரும். பரோசா, மெக்லாரன் வேல் எனப் பல ஊர்த் தோட்டங்களிலிருந்து நல்ல பழங்களாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். பீபெரியும் பிளான்டேஷனும் அளவு பார்த்துக் கலக்கும் காபிக்கடைக்காரரின் கைப்பக்குவம் போலத்தான் இதுவும். ஷிராஸ் கொழுமையான பழச்சுவையைத் தரும். கேபர்னே துவர்ப்பும் கட்டுக்கோப்பும் தரும். புது அமெரிக்க ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடம்போல ஊறுவதால் வெனிலா, தேங்காய் வாசனை ஏறும். இளம் கிரேஞ்ச் கறுப்பு கலந்த சிவப்பில், கறுப்பு பெர்ரிப் பழமும் டார்க் சாக்லேட்டும் சேர்ந்ததுபோல் இருக்கும். வயதாக ஆக நிறம் வெளுத்து, துவர்ப்பு அடங்கி, உலர்பழம், தோல் வாசனைகள் எட்டிப்பார்க்கும்.

அவசரம் ஆகாது!

கிரேஞ்ச் பக்குவப்பட 15, 20 வருடமாவது ஆகும். அதுவரை வெயில் படாத குளுமையான இடத்தில் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். பிறகு மெதுவாகக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, சற்று நேரம் காற்றாட விட வேண்டும். 16 முதல் 18 டிகிரி வெப்பம் போதும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வறுவலோடு நன்றாகச் சேரும். ஆல்கஹால் சுமார் 14.5 சதவிகிதம். எனவே, இது மடமடவெனக் குடிக்கிற சமாச்சாரமே அல்ல. ஒரு கிளாஸை ஒரு மாலை முழுக்க முகர்ந்து, சிறிது சிறிதாக ருசிப்பதுதான் இதன் அழகு.

யாரும் வாங்காததால் ஆரம்ப கால பாட்டில்களை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தார் ஷூபர்ட். ஆனால் 2021-ல் 1951 கிரேஞ்ச் ஒரு பாட்டில், ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது!